முப்பத்து மூன்றாம் கிலோமீட்டர்

இந்த வயதில் எதற்கு ஓட ஆரம்பித்தீர்கள் என்று யாராவது கேட்டால் சர்க்கரை என்று சொல்லிவிடுவேன். திருவனந்தபுரத்தில் அந்த ஒரு வார்த்தை போதும், அதற்கு மேல் யாரும் துருவுவதில்லை. உண்மையில் எனக்குச் சர்க்கரை கிடையாது. என் அம்மா கடைசியாக நடந்த தூரத்தை நானும் நடந்து பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் காலையில் வீட்டிலிருந்து கிளம்பினேன். ஆரம்பம் அதுதான்.

அம்மாவுக்கு மறதி நோய். கடைசி இரண்டு வருஷம் சுவரைப் பிடிக்காமல் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போக முடியாது. அப்படிப்பட்டவள் ஒரு மத்தியானம் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கிரில் கதவைத் தாண்டி வெளியே போனாள். மறுநாள் விடிந்த பிறகு, திருவல்லம் பாலத்துக்கு அந்தப் பக்கம் பைபாஸ் ஓரத்தில் கிடந்தாள். ஏதோ வண்டி தட்டியிருந்தது. எந்த வண்டி என்று கடைசிவரை தெரியவில்லை. நான் சர்வே ஆபீஸில் இருப்பவன், நிலத்தை அளந்து வரைவதுதான் வேலை. எங்கள் வாசலிலிருந்து அந்த இடம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல். வெறுங்காலோடு அம்மா அவ்வளவு தூரம் எப்படிப் போனாள் என்பது எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

அந்த மத்தியானம் வீட்டில் அம்மாவோடு இருந்தவள் என் மனைவி.

அவளை நான் கல்யாணம் செய்துகொண்டது மூன்று வருஷம் ஒரே பஸ்ஸில் போய்வந்த பிறகு. கிழக்கேகோட்டையில் எட்டரை மணிக்கு எடுக்கும் பஸ். பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பெண். கண் ஆஸ்பத்திரி ஒன்றில் பார்வை சோதிக்கும் வேலை. முதன்முதலில் என்னோடு பேசியதே என் கண்ணாடியைப் பற்றித்தான். "பவர் மாறியாச்சு உங்களுக்கு. தூரத்துல வர்ற பஸ் போர்டை கண்ணைச் சுருக்கிப் பாக்கீங்க," என்றாள். எங்கள் தெருவில் வேறு ஜாதி ஆட்களைக் கல்யாணம் செய்துகொள்வது அந்தக் காலத்தில் லேசான காரியமில்லை. அம்மா ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினாள், அதற்குப் பிறகு அவளோடு மட்டும்தான் பேசினாள். நோய் முற்றியபோது என் பெயர் போயிற்று, அக்காவின் பெயர் போயிற்று. அவளை மட்டும் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு சேலைத் தலைப்பைப் பிடித்தபடி பின்னாலேயே நடப்பாள்.

நோயின் ஆரம்பத்தில் அம்மா தெருவில் இறங்கிப் போகத் தொடங்கியதும் கிரில் கதவுக்குப் பூட்டுப் போட்டோம். ஒரே சாவி. வாசல் ஜன்னலுக்கு உட்பக்கம் ஓர் ஆணியில் தொங்கும். வெளியே போகிறவர் பூட்டிவிட்டு, ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு அதை மறுபடி மாட்டிவிட வேண்டும். அம்மாவுக்கு எட்டாத உயரம்.

அன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு காஸ் சிலிண்டர் வந்திருக்கிறது. அவள் திறந்து வாங்கி வைத்திருக்கிறாள். காலையிலிருந்தே ஒற்றைத் தலைவலி. அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் படுத்தவள் அசந்து தூங்கிவிட்டாள். எழுந்தபோது மூன்றரை. கிரில் கதவு ஒருக்களித்திருந்தது, பூட்டு சங்கிலியில் தொங்கியது, சாவியைக் காணோம். எனக்குப் போன் செய்தாள்.

நாலு மணியிலிருந்து தேடினோம். குளக்கரை, கோட்டை வாசல், பஸ் ஸ்டாண்டு. ஆறு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். எழுதித் தரச் சொன்னார்கள். பேனா எடுக்கப் பேண்ட் பைக்குள் கையை விட்டேன். சாவி இருந்தது.

இந்த இடத்தை எழுதுவதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், அதனால் உள்ளபடி சொல்கிறேன். அன்றைக்கு ஒன்றரை மணிக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். மறந்து வைத்துவிட்டுப் போன படிக்கிற கண்ணாடியை எடுப்பதற்காக. ஜன்னல் வழியாகச் சாவியை எடுத்துத் திறந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்ததால் எழுப்பவில்லை. அம்மா கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு?" என்றாள்.

"நான்தாம்மா."

"உக்காருங்கோ. பிள்ளை இப்போ வந்துடுவான்."

கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். அதற்குள் ஆபீஸிலிருந்து போன். ஒரு ஸ்கெட்சில் சர்வே நம்பர் தப்பு, மேலதிகாரி கூப்பிடுகிறார். பேசிக்கொண்டே வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டேன்.

ஸ்டேஷனில் அம்மாவின் போட்டோ கேட்டார்கள். எடுத்துவர வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் புது சிலிண்டருக்குப் பக்கத்தில் பழைய செய்தித்தாள் அடுக்கு இருக்கும். அதன்மேல் சாவியை வைத்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியவில்லை, யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்ல முடியவில்லை. கை வைத்தது. போட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அவள் அதை மறுநாள் காலையில் கண்டெடுத்தாள். திருவல்லத்திலிருந்து போன் வந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம். கூடத்தில் அக்கா, அத்திம்பேர், தெருக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இங்கதான் வச்சிருக்கேன். சிலிண்டர்காரன் போனதும் பூட்டாம இங்க வச்சிட்டுப் படுத்திருக்கேன்," என்றாள்.

அக்கா அவளைப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிந்ததாக எல்லோரும் நினைத்தார்கள்.

அவளை நான் ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதுதான் அவளைக் கொன்றது. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவள் அதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டாள். ஒன்றரை வருஷம் ஒரே வீட்டில் இப்படி இருந்தோம். பிறகு பாத்திரக்கடை வீட்டுக்கே போய்விட்டாள். குழந்தை இல்லை. கோர்ட்டில் இரண்டு பேரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டோம். நீதிபதி காரணம் கேட்டார். "எங்களுக்குள்ள ஒண்ணுமில்ல சார்," என்றாள் அவள்.

அதற்கப்புறம் ஆறு வருஷம். எனக்கு நாற்பத்தொன்பது முடிந்தது. அந்த வருஷம் அம்மாவின் சிராத்தத்துக்கு மறுநாள் காலை, ஐந்தரை மணிக்கு, வாசலில் இறங்கித் தெற்கே நடந்தேன். அம்பலத்தறை வழியாகப் போனால் பைபாஸ். பாலம் தாண்டி அந்த இடத்துக்குப் போனபோது இடதுபக்கம் பின்னாலிருந்து யாரோ வருகிற மாதிரி இருந்தது. காலை இழுத்து இழுத்து வைக்கிற நடை. திரும்பிப் பார்த்தேன். ரோடு காலி. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓடினேன். ஓடினால் சத்தம் கேட்காது என்று தெரிந்துகொண்டது அப்போதுதான்.

மறுநாளும் ஓடினேன். மூன்று மாதத்தில் ஒரே மூச்சில் பத்து கிலோமீட்டர் ஓடினேன். நின்றால் கேட்கும், ஓடினால் கேட்காது. ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கிறவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மியூசியம் வாசலில் கூடுகிற ஓட்டக்காரர்களிடம் கூட்டிக்கொண்டு போனார். ஐம்பது பேர் இருந்தார்கள். கணுக்காலைச் சுழற்றிக்கொண்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள், என் மனைவியாக இருந்தவள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. மெலிந்திருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் வந்து, "சுகமாணோ?" என்றாள்.

மலையாளத்தில். கூட்டத்தில் எல்லோரும் பேசுவது அதுதான், தப்பில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் தனியாக ஒருநாளும் மலையாளத்தில் பேசியதில்லை. நானும் "சுகம்" என்று சொல்லிவிட்டு நின்றேன்.

நாலைந்து ஞாயிறு அப்படியே போயிற்று. ஒரே வேகக்காரர்களைச் சேர்த்துச் சேர்த்து அனுப்புவார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேகம். கௌடியார் ரோட்டில் இருபது பேரோடு ஆரம்பிப்போம், சாஸ்தமங்கலம் தாண்டும்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிச்சம் இருப்போம். ஒருநாள் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். குனிந்து பெருவிரலைப் பிடித்து மேலே மடக்கியபடி, "விடுங்க, இறுக்காதீங்க. தளர விடுங்க," என்றாள்.

தமிழ். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலி என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து பேசிக்கொண்டே ஓடினோம். தூக்கம் வராமல் ஓட ஆரம்பித்தாளாம். அப்பா போய்விட்டார், கடை கைமாறிவிட்டது, அம்மாவோடு பட்டத்தில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள். ஓட்டம் முடிந்து சாலைக் கடைத்தெருவில் நின்றுகொண்டே தோசை சாப்பிடுவோம். தன் தட்டிலிருந்த வடையை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள் ஒருநாள். பழைய பழக்கம். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஐம்பது வயதில் சனிக்கிழமை சாயங்காலமே ஷூவைத் துடைத்து வைத்துக்கொண்டு விடியலுக்குக் காத்திருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கலாமா என்று கேட்டவளும் அவள்தான்.

பந்தயப் பாதையைப் படத்தில் பார்த்தேன். சங்குமுகத்தில் ஆரம்பித்து, வடக்கே கழக்கூட்டம் பக்கம் போய்த் திரும்பி, பைபாஸிலேயே தெற்கே வந்து, திருவல்லம் பாலம் தாண்டித் திரும்பி, மறுபடி சங்குமுகம். தினமும் நிலப்படம் வரைகிற எனக்கு ஸ்கேல் வேண்டியிருக்கவில்லை. அந்த இடம் முப்பத்து மூன்றாம் கிலோமீட்டர்.

பயிற்சிக்கு அந்தப் பாலம் வரை ஓடினோம். அவள் பாலத்தின் நடுவில் நின்றாள். கீழே ஆறு கலங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டா? இந்தப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் நான் அத்தைகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுத்தான் தாண்டுதேன். பஸ்ஸுல போனாலும் கேப்பேன். அத்தை மன்னிச்சாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நீங்க மன்னிச்சிட்டீங்களா?"

"மன்னிச்சுட்டேன்," என்றேன்.

சொன்னேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஓடலாம்," என்றாள். அதற்கப்புறம் அவள் ஓடியதில் ஒரு லேசு இருந்தது. எனக்கோ ஓடும்போதே பின்னால் அந்தக் காலடி கேட்டது. இடதுபக்கம், அரை அடி பின்னால். அன்றிலிருந்து ஓடினாலும் கேட்டது.

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவள் சொன்னாள், "முடிஞ்சதும் நாம பேசுவோம். என் அம்மாகிட்டயும் சொல்லியாச்சு. அந்த வீட்டுக்குத் திரும்பி வர எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா வருவேன்."

உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இப்போது அவள் என் வீட்டில் இருப்பாள். அதையும் யோசித்தேன். ஒரு வாரம் முழுக்க வேறு எதையும் யோசிக்கவில்லை.

சங்குமுகத்தில் இருட்டு பிரியுமுன் கிளப்பிவிட்டார்கள். கழக்கூட்டம் போய்த் திரும்புகிறவரை சிரமமில்லை. அவள் என் வலதுபக்கம் ஓடினாள், நெஞ்சில் நம்பர் படபடத்துக்கொண்டிருந்தது. இருபத்தைந்துக்கு மேல் வெயில் ஏறியது. முப்பதில் தண்ணீர் மேசையில் ஆளுக்கு ஒரு கிளாஸ் வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டோம். பாலம் வந்தது. அவள் வாய் அசைந்தது. மன்னிப்பு கேட்கிறாள் என்று தெரிந்தது.

"கேக்காதே," என்றேன்.

"என்ன?"

"அம்மாகிட்ட நீ மன்னிப்பு கேக்க வேண்டாம். பூட்டாம போனது நானாக்கும்."

அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். நானும் நிற்கவில்லை. நின்றால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். மூச்சு வாங்க வாங்க, ஒன்றரை மணிக்கு வந்தது, கண்ணாடி, அம்மா கேட்டது, போன், எல்லாவற்றையும் சொன்னேன். எங்களைத் தாண்டிப் போன ஒரு கிழவர் "விடாதீங்க, விடாதீங்க" என்று மலையாளத்தில் உற்சாகப்படுத்திவிட்டுப் போனார்.

"சாவி?" என்று மட்டும் கேட்டாள்.

"என் பாக்கெட்டுல இருந்தது. ஸ்டேஷன்ல தெரிஞ்சது. போட்டோ எடுக்க வந்தப்போ நான்தான் சமையலறையில வச்சேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது நாற்பது அடி அப்படியே என் பக்கத்தில் ஓடினாள். பிறகு வேகம் எடுத்தாள். அந்த தூரத்துக்குப் பிறகு யாராலும் அப்படி ஓட முடியாது. திருப்பத்தில் வைத்திருந்த சிவப்புக் கூம்பைச் சுற்றி வந்தபோது எதிரே என்னைக் கடந்தாள். பார்வை நேராக ரோட்டில் இருந்தது.

மிச்சத்தை நடந்தேன். ஒன்பது கிலோமீட்டர். சொல்லிவிட்டால் பின்னால் வரும் சத்தம் நின்றுவிடும் என்று எங்கோ நம்பியிருக்கிறேன். நிற்கவில்லை. என் கூடவே சங்குமுகம் வரை வந்தது. கழுத்தில் பதக்கம் போட்டார்கள். அவள் எப்போதோ முடித்துவிட்டுப் போயிருந்தாள்.

இரண்டு மாதம் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கும் அவள் வரவில்லை. பிறகு ஒரு செய்தி அனுப்பினாள்: "அக்காகிட்ட நீங்க சொல்லணும். நான் இருக்கும்போது சொல்லணும்."

கரமனையில் அக்கா வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். அக்காவுக்கு அவளைப் பார்த்ததும் முகம் இறுகியது. உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இவளைத் திரும்ப ஆத்துக்குக் கூட்டிண்டு வரணும்னா கூட்டிண்டு வாயேன். நான் என்ன தடுக்கவா போறேன்? அதுக்காகப் பழியை உன் தலையில போட்டுக்கறயாக்கும்."

"இல்லக்கா. நிஜம்."

"சாவியை அவ கையில நான் பார்த்தேன். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. ஒருகட்டத்தில் நான் கத்தினேன். அப்போது இவள் என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"சாரமில்ல, விடுங்க," என்றாள். பிறகு அக்காவிடம், "அக்கா, நான் ஒன்பது வருஷமா நம்பினேன். நீங்க ஒரு சாயங்காலத்துல விட முடியாது," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

தெருமுனை வரை எனக்கு முன்னால் நடந்தாள். ஆட்டோவுக்காக நின்றபோது, "எங்க அப்பா அதை நம்பிட்டே செத்தார் தெரியுமா? சாகுறதுக்கு முன்னால, 'உனக்கு அன்னைக்கு என்னம்மா ஆச்சு'ன்னு கேட்டார். அவர்கிட்ட யாரு போய்ச் சொல்லுவா?" என்றாள். ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

போன மாதம், இரண்டாம் சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு வாசலில் வந்து நின்றாள். கையில் குடை, தோளில் ஆஸ்பத்திரிப் பை. ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிறது அவள் அந்த வாசலை மிதித்து. உள்ளே வந்து கூடத்தைப் பார்த்தாள். சமையலறைக்குள் போய்விட்டு வந்தாள். எதையும் தொடவில்லை.

"அந்த ரூம்ல கட்டில் இருக்கா?"

"இருக்கு."

"அன்னைக்கு அப்புறம் நான் பகல்ல கண்ணை மூடினதில்ல. காய்ச்சல் வந்தாக்கூட உக்காந்துதான் இருப்பேன்." குடையை மூலையில் சாய்த்து வைத்தாள். "இங்க படுத்துப் பாக்கேன். நீங்க முழிச்சிட்டு இருப்பீங்களா?"

"இருக்கேன்."

உள்ளே போய்ப் படுத்தாள். கதவைச் சாத்தவில்லை. நான் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். செய்தித்தாளை எடுக்கவில்லை, போனை அணைத்து வைத்தேன். ரொம்ப நேரம் அவள் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது. எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி, முழங்கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கினாள். ஓடி ஓடிக் காய்த்துப்போன பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டியிருந்தன.

வெளியே வெயில் தெருவில் கொதித்தது. மீன்காரன் சைக்கிள் எங்கேயோ தூரத்தில் போனது. வீட்டுக்குள் இன்னொருவர் நடமாடுவதைப் போலவே இருந்தது எனக்கு. கூடத்துக்கும் அறை வாசலுக்கும் இடையே சுவரைப் பிடித்துக்கொண்டு போவதும் வருவதுமாக. அவள் எழுந்துவிடக் கூடாதே என்றுதான் கவலைப்பட்டேன்.

நாலரைக்கு எழுந்தாள். முகம் கழுவிக்கொண்டாள்.

"பால் இருக்கா?"

இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். திரும்பி வருவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். ஐந்து மணி வரை தூங்கினாள்.